நீதிபதி வந்துபோன ஊர்: டார்செஸ்டர்

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்று டார்செஸ்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென்மேற்கு இங்கிலாந்தில் டார்செட் கவுண்டியின், நம் மாவட்டம் போன்ற பகுதியின், தலைநகர் அது. தலைநகர் என்றதும் பெரிய நகரத்தை நினைத்துவிடாதீர்கள். ஃப்ரூம் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பழைய ஊரின் எல்லையில் ரோமானியர் எழுப்பிய மதில் இருந்தது. மதிலின் பெரும்பகுதி போய்விட்டது, அது நின்ற தடத்தில் இன்று மரங்கள் அடர்ந்த நடைபாதை. ஒரு காலைப் பொழுதில் நடந்தே சுற்றி வந்துவிடலாம்.

இப்படிப்பட்ட சிற்றூரைக் கவுண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்க வைத்தவை மூன்று: சந்தை, சிறை, நீதிமன்றம். லண்டனிலிருந்து நீதிபதிகள் ஆண்டுக்கு இருமுறை ஊர் ஊராகப் போய்ப் பெரிய வழக்குகளை விசாரிப்பார்கள். அசைஸ் என்று பெயர். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைக்கும்வரை பல நூற்றாண்டுகள் அது நடந்தது. அந்த நாட்களில் விடுதிகள் நிரம்பும், தெருவெல்லாம் கூட்டம். அரசாங்கம் என்றால் என்ன என்பதை ஒரு பண்ணைத் தொழிலாளி கண்ணால் கண்டது அங்கேதான்.

ஊரின் தெற்கு ஓரத்தில் மாம்பரி ரிங்ஸ் என்ற வட்டமான மண்மேடு இருக்கிறது. சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் புதிய கற்கால மக்கள் எழுப்பியது. ரோமானியர் வந்து அதையே தங்கள் கேளிக்கை அரங்கமாக்கிக்கொண்டார்கள். 1640-களின் உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படை அதைக் காவல் அரணாக்கியது. அப்புறம் 1706-இல், கணவனுக்கு நஞ்சு வைத்ததாகத் தீர்ப்பான மேரி சானிங் என்ற 19 வயதுப் பெண்ணை, சிறையில் அவளுக்குக் குழந்தை பிறக்கும்வரை காத்திருந்து, பெருங்கூட்டம் பார்க்க அங்கே கொன்று எரித்தார்கள். இன்று அதே இடத்தில் புல் பச்சைப்பசேல் என்று கிடக்கிறது.

அதற்கு முன்பே, 1685-இல், மன்னருக்கு எதிராக மன்மத் கோமகன் நடத்திய கலகத்தில் சேர்ந்தவர்களை விசாரிக்க நீதிபதி ஜெஃப்ரிஸ் இந்த ஊருக்கு வந்தார். டார்செட்டில் மட்டும் 70-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த விசாரணைகளை வரலாறு இன்றும் 'இரத்த அசைஸ்' என்றுதான் சொல்கிறது.

1856-இல் டார்செஸ்டர் சிறை வாசலில் மார்த்தா பிரவுன் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டபோது கூட்டத்தில் 16 வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து கட்டடக் கலை பயில வந்தவன். பெயர் தாமஸ் ஹார்டி, பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர். மழைத் தூறலில் தொங்கிய அந்த உருவத்தை முதுமைவரை அவர் மறக்கவில்லை. நாவல்களில் இதே டார்செஸ்டருக்குக் காஸ்டர்பிரிட்ஜ் என்று பெயர் சூட்டினார்.

ஹார்டி வேலை பழகிய அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் வில்லியம் பார்ன்ஸ் பள்ளிக்கூடம் நடத்தினார். மொழியில் ஏதாவது சந்தேகம் வந்தால் ஹார்டி அவரிடம் போய்க் கேட்பாராம். பார்ன்ஸ் டார்செட் வட்டார வழக்கிலேயே கவிதை எழுதியவர். லத்தீனையும் கிரேக்கத்தையும் விலக்கி, பழைய ஆங்கில வேர்களிலிருந்தே சொல் ஆக்கலாம் என்று விடாமல் வாதாடினார். 'கிராமர்' என்பதற்கு அவர் வைத்த சொல் 'ஸ்பீச்கிராஃப்ட்'. 1840-களில் ரயில் பாதை மாம்பரி மேட்டை அழித்துவிடும் என்ற நிலை வந்தபோது ஊரார் எதிர்த்தார்கள், பாதை விலகிப் போனது. அந்தச் சமயத்தில்தான் கவுண்டி அருங்காட்சியகமும் பிறந்தது; தொடங்கியவர்களில் பார்ன்ஸும் ஒருவர். உழவர் பேச்சும் பழைய மண்மேடும் காப்பாற்றத்தக்கவை என்று அந்தக் காலத்திலேயே உணர்ந்தவர் அவர். எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.

சரி, சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

டார்செஸ்டருக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் டால்பட்டில் என்ற கிராமம். 1830-களில் அங்கே பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கியது. 6 ஆகப் போகிறது என்ற பேச்சும் வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்பவர், சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சங்கம் வைப்பது அப்போது குற்றம் அல்ல. 1824-இலேயே அந்தத் தடை நீங்கியிருந்தது. ஆனால் சேருபவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தார்கள். கடற்படைக் கலகத்தை அடக்க 1797-இல் போட்ட இரகசியப் பிரமாணத் தடைச் சட்டத்தைத் தோண்டி எடுத்து, 1834 பிப்ரவரியில் ஆறு பேரைக் கைது செய்தார்கள்.

மார்ச் மாதம் டார்செஸ்டர் ஷையர் ஹாலில் விசாரணை. எங்கள் மனைவி மக்கள் பட்டினியால் சீரழியாமல் காக்கத்தான் ஒன்றுசேர்ந்தோம், யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று லவ்லெஸ் எழுதிக் கொடுத்தார். தண்டனை, ஏழு ஆண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல். நாங்கள் செய்த எதற்காகவும் அல்ல, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கவே இந்தத் தண்டனை என்று நீதிபதி சொன்னதாக லவ்லெஸ் பின்னாளில் எழுதினார்.

ஆனால் யாரும் பயந்து அடங்கவில்லை. அடுத்த மாதமே லண்டனில் பல்லாயிரம் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். 1836-இல் அரசு முழு மன்னிப்பு வழங்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்களில் ஐந்து பேர் பிறகு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வழக்கு நடந்த அந்த அறை இன்றும் அப்படியே இருக்கிறது. 1955 வரை நீதிமன்றமாக இருந்த கட்டடம் இப்போது அருங்காட்சியகம். கீழே இருட்டறைகள், அங்கிருந்து குற்றவாளிக் கூண்டுக்கு ஏறும் படிகள், எல்லாமே உண்டு.

ஆறாமவர் ஜேம்ஸ் ஹாமெட். சத்தியம் செய்த அன்று கூட்டத்தில் இருந்தது உண்மையில் அவருடைய சகோதரர் ஜான் என்பார்கள். ஜானின் மனைவி அப்போது கர்ப்பிணி. அதனால் ஜேம்ஸ் வாயைத் திறக்காமல் பழியைத் தானே ஏற்றுக்கொண்டாராம். அவர் ஒருவர்தான் டால்பட்டிலிலேயே தங்கிக் கட்டட வேலை பார்த்துப் பிழைத்தார். வயதாகிப் பார்வையும் போனபோது, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று ஏழைகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த விடுதி இருந்ததும் டார்செஸ்டரில்தான். தன்னை நாடுகடத்திய ஊரிலேயே 1891-இல் இறந்தார். உடலை டால்பட்டிலுக்கு எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். கல்லறைக்குக் கல் வைக்க 1934 ஆயிற்று.