சாவியைக் கொடுக்கும் முன் இரண்டு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். சர்வீசுக்கு விட்ட கார் கீறலோடு திரும்பி வருகிறது. கேட்டால், "அது முன்னாடியே இருந்துச்சு அங்கிள்" என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் கார் வைத்திருக்கிற பாதி வீடுகளில் இந்த வசனம் கேட்டிருக்கும். முன்னாடி இருந்ததா இல்லையா என்பதை யார் நிரூபிப்பது? இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

காலை ஏழு மணி சர்வீஸ் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை நிற்கிறது, நீங்கள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டை, அதாவது வண்டியின் நிலையையும் வேலையையும் குறிக்கிற தாளை, நீட்டுகிறார். அதில் கார் படம் ஒன்று இருக்கும். கீறல், நசுங்கல் எங்கெங்கே என்று அதில் குறிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் வண்டியைச் சுற்றி வருவதே இல்லை. "சிறு கீறல்கள் உள்ளன" என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்து கேட்பார். அந்த வரியில் கையெழுத்துப் போட்டால், சாயங்காலம் எந்தக் கீறல் வந்தாலும் அந்த வரிக்குள் அடங்கிவிடும். அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். எந்தக் கதவு, எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கணக்கும் பெட்ரோல் அளவும் கார்டில் இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வீடியோ. முந்தின நாள் மாலையே வண்டியைக் கழுவிவிடுங்கள், அழுக்கு வண்டியில் கீறல் தெரியாது. போனை எடுத்து முதலில் கிலோமீட்டர் மீட்டரைக் காட்டுங்கள். பிறகு ஓட்டுநர் கதவில் தொடங்கி நிறுத்தாமல் ஒரு சுற்று. ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து அலாய் ரிம்மின் ஓரத்தைக் காட்டுங்கள். கண்ணாடியில் கல் பட்ட புள்ளி இருந்தால் அதையும் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். நீங்களே ஒப்புக்கொண்ட கீறல்தான் மற்றதெல்லாம் புதிது என்பதற்குச் சாட்சி. இரண்டு நிமிடம் போதும். எடுத்ததை டீலரின் வாட்ஸ்ஆப் எண்ணுக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள், நேரம் பதிவாகிவிடும்.

கதவுக்குக் கீழே ஓடுகிற விளிம்பையும் வீடியோவில் சேருங்கள். இது யாரும் பார்க்காத இடம். முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் விளிம்புத் தகட்டில் பல கார்களில் இடத்துக்கு இரண்டாகச் சிறு வெட்டுகள் அருகருகே இருக்கும். ஜாக்கி உட்கார வேண்டியது அந்த ஜோடி வெட்டுகளுக்கு நடுவில். அவசரத்தில் நான்கு விரல் தள்ளி வைத்தால் தகடு மடங்கும், பெயிண்ட் வெடிக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நம் கடற்கரை உப்புக்காற்று அந்த வெடிப்புக்குள் புகுந்து துரு பிடித்து, கதவுக்குக் கீழே கொப்புளம் கிளம்பும்போதுதான் தெரியும். அப்போது போய்க் கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? வண்டியைத் திரும்ப வாங்கும்போது அந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நேராக ஓட வேண்டும்.

அடுத்தது ஆயில் பிளக், அதாவது பழைய ஆயிலை வடிக்கத் தொட்டியின் அடியில் கழற்றுகிற திருகு. ஆயில் தொட்டி பல கார்களில் அலுமினியம், பிளக் இரும்பு. 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் பெரும்பாலான சின்னக் கார்களுக்குப் போதும், சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். நட்டு முறுக்குகிற காற்றுத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்' என்று முறுக்கினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு போகும். பிறகு மேலே பசை தடவி மூடி அனுப்புகிற ஆட்களும் உண்டு. அது கொஞ்ச நாள் தாங்கும், அடுத்த சர்வீசில் வேறொரு பட்டறை பிளக்கைத் தொட்டதும் கழன்று வரும், பழியும் அந்தப் பட்டறை மேல் விழும். மரை போயிருந்தால் புது மரைச்சுருள் போட்டார்களா, தொட்டியையே மாற்றினார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

சக்கர நட்டும் அதே கதைதான். சாதாரணக் காருக்கு ஏறக்குறைய 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் துப்பாக்கியால் இறுக்கினால் போல்ட் இழுபடும். ராத்திரியில் என்-2 சாலையில் டயர் பஞ்சரானால் உங்கள் ஸ்பேனருக்கு நட்டு அசையாது. திருட்டுக்குப் பயந்து பூட்டு நட்டு போட்டிருப்பவர்கள், அதன் சாவித் துண்டு திரும்ப வந்ததா என்று கேட் தாண்டுவதற்கு முன் பாருங்கள். பட்டறை மேசையில் மறந்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

சரி, சேதம் கண்ணில் பட்டுவிட்டது. வண்டியை அங்கிருந்து நகர்த்தாதீர்கள். கேட்டைத் தாண்டினால் "வெளியே போய் இடிச்சிருப்பீங்க" என்பார்கள். பட்டறை மேலாளரை வெளியே அழைத்து அந்த இடத்தைக் காட்டுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பில்லிலேயே எழுதுங்கள்: இன்ன இடத்தில் இன்ன சேதம், வண்டியைக் கொடுத்தபோது இல்லை, இன்ன நேரம். காசு கொடுக்காமல் வண்டியை எடுக்க முடியாது. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு, அதில் சண்டை போட்டுப் பயனில்லை. கொடுங்கள், ஆனால் "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று பில்லில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

வழியில் ஆயில் விளக்கு எரிந்தால், ரோபோட்டில், அதாவது சிக்னல் விளக்கில், நின்றுகொண்டிருந்தாலும் சரி, எஞ்சினை அணையுங்கள். திரும்ப ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். டீலரிடம் இழுவை வண்டி கேளுங்கள். நீங்கள் ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால் சேதத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் போட 1956ஆம் ஆண்டின் இழப்பீட்டுப் பங்கீட்டுச் சட்டம் வழிவிடுகிறது.

இப்போது அந்தப் பலகைக்கு வருகிறேன். "வாகனங்கள் உரிமையாளரின் பொறுப்பில்." எல்லாப் பட்டறைச் சுவரிலும் தொங்குகிறது. சேதம் என்று வாயெடுத்தால் அட்வைசர் விரல் நேராக அந்தப் பலகைக்குப் போகும். நம்மவர்களும் அதைக் கண்டதும் அடங்கிப்போகிறார்கள்.

அந்தப் பலகைக்கு ஒரு காலத்தில் பலம் இருந்தது. நம் டர்பனிலேயே, வாட்டர் வொண்டர்லேண்ட் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினம் கோளாறாகி ஒரு தாயும் மகளும் தூக்கியெறியப்பட்டுக் காயமடைந்தார்கள். பூங்கா, டிக்கெட் ஜன்னலில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டியது. மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் பூங்கா பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1999 தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. மனுஷர்கள் காயப்பட்டதற்கே அப்படி என்றால் கதவுக் கீறலை யார் கேட்பார்கள்?

ஆனால் அதற்குப் பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2008இல் இயற்றி 2011இல் முழுதாக நடைமுறைக்கு வந்த சட்டம். அதன் 49ஆம் பிரிவு, பொறுப்பைக் கழற்றிவிடுகிற வாசகம் எளிய மொழியில், கண்ணில் படும்படி, பேரம் முடிவதற்கு முன்பே உங்கள் கவனத்துக்கு வந்திருக்க வேண்டும் என்கிறது. காபி மெஷினுக்குப் பின்னால் தொங்கினால் போதாது. 51ஆம் பிரிவு, படுமோசமான அலட்சியத்துக்குப் பொறுப்பில்லை என்று எந்தப் பலகையும் சொல்ல முடியாது என்கிறது. 65ஆம் பிரிவு, உங்கள் உடைமை அவர்கள் கையில் இருக்கும் காலமெல்லாம் கவனமாகவும் திறமையாகவும் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் இழப்புக்கு அவர்களே பொறுப்பு என்கிறது. 54ஆம் பிரிவு, கொடுத்தபோது இருந்த நிலைக்குக் குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இந்த உரிமைகளைக் கையெழுத்து வாங்கிப் பறிக்கவும் முடியாது. ஆகவே விரல் பலகைக்குப் போகும்போது நீங்கள் சத்தம் போடத் தேவையில்லை. "65, 54" என்று இரண்டு எண்ணைச் சொன்னால் போதும், பேச்சின் தொனி மாறும். ஆனால் கொடுத்தபோது என்ன நிலை இருந்தது என்று காட்ட வேண்டுமே, அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், வீடியோ.

பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். கடன் பாக்கி இல்லை, பின்னால் தொட்டி வைத்த வண்டியைச் சொல்கிறேன். தொட்டியின் உள்பக்கத்தையும் படம் எடுங்கள். பட்டறைகளில் பழைய உதிரிகளை எடுத்துப்போட அதைத்தான் குப்பைத்தொட்டியாக்குகிறார்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வேறு பட்டறையில் சரிசெய்துவிட்டுப் பிறகு பில் அனுப்பாதீர்கள், முதலில் டீலர் பார்க்க வாய்ப்பு கொடுங்கள். வெளியே இரண்டு இடத்தில் எழுத்து மூலம் மதிப்பீடு மட்டும் வாங்குங்கள். டீலர் மசியவில்லையா, கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையா, மோட்டார் தொழில் ஒம்பட்ஸ்மனிடம், அதாவது இந்தத் தொழில் மீதான புகார்களை விசாரிக்கிற நடுவரிடம், போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஜாப் கார்டு, பில், வீடியோ, உங்கள் கடிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் இருக்கட்டும்.

20,000 ராண்டுக்குள் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வக்கீல் வாதாட முடியாது, டீலரின் வக்கீலும் சேர்த்துத்தான். ஆனால் வழக்குப் போடுவது தனி மனிதராக இருக்க வேண்டும், வண்டி உங்கள் கம்பெனி பெயரில் இருந்தால் அந்தக் கதவு திறக்காது. முதலில் 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் வாங்கியவரின் பெயர், கையெழுத்து, தேதி மூன்றும் வாங்குங்கள், வெறும் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் வேண்டாம். காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.