9-ஆவது இடம்னு சொன்னாங்க, கடைசில டேபிள்ல முதலிடம்! பிக் ஈஸ்ட் 2022-23 கணிப்பு ரிவ்யூ

வணக்கம் மக்களே! அமெரிக்கா காலேஜ் பாஸ்கெட்பால்ல சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே யாரு முதல்ல வருவாங்க, யாரு கடைசில நிப்பாங்கன்னு ஒரு லிஸ்ட் வந்துடும். பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸ்ல, அதாவது தங்களுக்குள்ள லீக் மாதிரி ஆடுற காலேஜ் டீம்களோட குழுவுல, இந்த லிஸ்ட்ட போடுறது அந்தந்த டீமோட கோச்சுங்களேதான், ஆனா சொந்த டீமுக்கு ஓட்டு போடக்கூடாது. 2022-23ல மொத்தம் 11 டீம், ஒவ்வொரு டீமுக்கும் கான்ஃபரன்ஸ்ல 20 மேட்ச்.

(திரையில்: சீசனுக்கு முந்தைய கணிப்பு)

கிரெய்ட்டன் முதலிடம்னு சொன்னாங்க. சேவியர், வில்லனோவா, யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) எல்லாம் மேல இருந்தாங்க. மில்வாக்கில இருக்கற மார்க்கெட் யுனிவர்சிட்டிக்கு குடுத்தது 9-ஆவது இடம்.

ஏன்னு பாத்தா கோச்சுங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. முந்தின சீசன்ல மார்க்கெட் டீமுக்காக மேட்ச்சுக்கு 16.8 பாயிண்ட் போட்ட ஜஸ்டின் லூயிஸ் போயிட்டாரு, டாரில் மோர்செல்லும் இல்ல, கடைசியா ஆடுன என்சிஏஏ (மார்ச்ல நடக்கற நேஷனல் டோர்னமெண்ட்) மேட்ச்ல நார்த் கரோலினாகிட்ட 95-63ன்னு அடி வாங்கியிருந்தாங்க. அதுக்கு மேல கோச் ஷாக்கா ஸ்மார்ட் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல (வேற காலேஜுக்கு மாற நினைக்கற பிளேயருங்க லிஸ்ட்) இருந்து பெரிய பேரு யாரையும் கூட்டிட்டு வரல, இருக்கற பசங்களையே நம்புனாரு.

இங்கதான் எல்லாரும் கோட்டை விட்டாங்கன்னு நான் சொல்லுவேன். போனவங்க கணக்க பாத்தாங்க, மிச்சம் இருக்கறவங்க எவ்ளோ வளருவாங்கன்னு பாக்கல. காம் ஜோன்ஸ் முந்தின வருஷம் சராசரி 7.4 பாயிண்ட், இந்த வருஷம் 15.1, ரெண்டு மடங்கு! டைலர் கோலெக் த்ரீ பாயிண்ட்ல 28 சதவீதம் போட்டுட்டு இருந்தவரு கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு வந்துட்டாரு, மேட்ச்சுக்கு 7.5 அசிஸ்ட் (கூட ஆடுறவர் கூடை போட வழி பண்ற பாஸ்) வேற, ஓசோ இகோடாரோ உள்ள நின்னு பாஸ் போடுற அழகு இருக்கே, ஒரு பெரிய ஆளு அப்படி பாஸ் போட்டா எதிர் டீம் டிஃபென்ஸ் யாரைப் புடிக்கறதுன்னே தெரியாம நிக்கும். இந்த பசங்க எல்லாம் ஏற்கனவே ஒரு சீசன் ஒண்ணா ஆடுனவங்க.

ரிசல்ட் 17-3, அதாவது கான்ஃபரன்ஸ்ல 17 வெற்றி, 3 தோல்வி. டேபிள்ல தனியா முதலிடம். அப்புறம் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடந்த கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்லயும் செமில யூகான 70-68, ஃபைனல்ல சேவியர 65-51ன்னு ஜெயிச்சு கப்ப தூக்குனாங்க. அந்த டோர்னமெண்ட்ட மார்க்கெட் ஜெயிச்சது அதுதான் முதல் தடவ. கோலெக்தான் பிக் ஈஸ்டோட சிறந்த பிளேயர்.

சேவியர் 15-5, ரெண்டாவது, அது கரெக்டா வந்துச்சு. கிரெய்ட்டன் 14-6. சீசன் ஆரம்பத்துல வரிசையா ஆறு மேட்ச் தோத்தாங்க, நடுவுல சென்டர் (கூடை பக்கத்துல ஆடுற உயரமான ஆளு) கால்க்பிரென்னர் உடம்பு சரியில்லாம உக்காந்துட்டாரு, ஆனா மார்ச்ல என்சிஏஏல எலைட் எய்ட், அதாவது கடைசி எட்டு டீம், வரைக்கும் போனாங்க, அதனால அவங்கள முதல்ல வெச்சத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

வில்லனோவா கத வேற. 2016, 2018ன்னு ரெண்டு நேஷனல் டைட்டில் வாங்குன கோச் ஜே ரைட் ரிட்டையர் ஆயிட்டாரு, பிளேயர் ஜஸ்டின் மூர் குதிகால் தசைநார் கிழிஞ்சு சீசனோட பெரும்பகுதி வெளிய இருந்தாரு. முடிவு 10-10. பழைய பேருக்கு விழுந்த ஓட்டு அது.

யூகான்? 14-0ன்னு தொடங்கி, அப்புறம் எட்டு மேட்ச்ல ஆறு தோத்து, கான்ஃபரன்ஸ்ல 13-7. அதே டீம் என்சிஏஏல ஆறு மேட்ச்சையும் 10 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சு, ஃபைனல்ல சான் டியாகோ ஸ்டேட்ட 76-59ன்னு அடிச்சு நேஷனல் சாம்பியன் ஆயிடுச்சு! கான்ஃபரன்ஸ் கணிப்பையும் மார்ச் மாசத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க, அது வேற ஆட்டம்.

அடுத்த சீசன் 2023-24க்கு கோச்சுங்க மார்க்கெட்ட முதல்ல வெச்சாங்க, யூகான மூணாவது. யூகானோட முக்கிய பிளேயருங்க சனோகோ, ஹாக்கின்ஸ், ஜாக்சன் மூணு பேரும் போயிட்டாங்களேன்னு யோசிச்சிருப்பாங்க. ஆனா சனோகோவுக்கு பேக்கப்பா பெஞ்ச்ல இருந்த டொனோவன் கிளிங்கன் சென்டர்ல வந்து நின்னாரு, யூகான் 18-2, திரும்பவும் நேஷனல் சாம்பியன். அந்த லிஸ்ட்ட அடுத்த வீடியோல முழுசா பிரிச்சு பாப்போம்.