சேவ் பண்ணினேன், காணோம்

வணக்கம் நேயர்களே. சமுதாயக் கல்லூரியில் கணினி வகுப்பு எடுக்கிறேன். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறவர்களுக்குக் கணினியில் புதிதாகச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது.

ஒரு மாணவி. பகலில் வேலை, வீட்டில் கைக்குழந்தை, மாலையில் வகுப்பு. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து அடித்த கட்டுரையை ஆய்வகக் கணினியின் டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுப் போனார். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கணினி என்பதால், அணைத்துப் போட்டால் எல்லாம் அழிந்து பழைய நிலைக்குத் திரும்பும்படி அதை அமைத்திருந்தோம். மறுநாள் வந்தவர், "சேவ் பண்ணினேன் மேடம், காணோம்" என்று கண் கலங்க நின்றார். அவர் சேவ் பண்ணியது உண்மைதான். எங்கே பண்ணுகிறோம் என்று பார்க்க நாங்கள் சொல்லித்தரவில்லை, தப்பு எங்கள் மேல்தான்.

போனில் படம் எடுத்தால் அது தானாகவே கேலரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, எந்த ஃபோல்டரில் வைக்கட்டும் என்று கேட்பதே இல்லை, அப்படியே பழகியவருக்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற படம் மனசில் எப்படி வரும்? அதனால் இப்போதெல்லாம் என் முதல் வகுப்பில் டைப்பிங் கிடையாது. ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, பெயர் வைத்து, ஃபைலை அதில் போட்டு, பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்து, எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப வந்து கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் எக்செல், அதாவது கட்டம் கட்டமாகக் கணக்குப் போடும் மென்பொருள். கற்பனைக் கணக்கு வேண்டாம், அவரவர் சம்பளக் கணக்கையே போடச் சொல்கிறேன். ஒரு மணி நேரக் கூலியை மேலே ஒரு கட்டத்தில் போட்டு, வேலை செய்த மணிகளால் பெருக்கி, ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் முதல் வரி சரியாக வரும், அடுத்ததெல்லாம் பூஜ்யம். ஃபார்முலா இறங்கும்போது அது பார்க்கும் கட்டமும் கூடவே இறங்கி வெற்றுக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. ஃபார்முலாவில் கூலிக் கட்டத்தின் பெயரில் நின்று எஃப் 4 விசையை அழுத்தி டாலர் குறி போட்டால் அந்தக் கட்டம் நகராது. இதை நான் உடனே சொல்வதில்லை. தன் சம்பளம் ஏன் பூஜ்யம் ஆனது என்று ஐந்து நிமிடம் குழம்பியவர் அதை மறப்பதே இல்லை.

ஆனால் பழகக் கணினி வேண்டுமே. வீட்டில் இல்லாதவர்கள் வேலை விண்ணப்பத்தைக்கூடப் போனில் கட்டைவிரலால் அடிக்கிறார்கள், நாமோ வகுப்பு முடிந்த கையோடு ஆய்வகத்தைப் பூட்டிவிடுகிறோம். கல்லூரி நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள்: இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள நான் வருகிறேன்.