வயித்துல ஒரு கிருமி, நுரையீரல்ல ஒரு கட்டி

வணக்கம் மக்களே! அல்சர் வீடியோல ஹெலிகோபாக்டர் பைலோரின்னு வயித்துல குடியிருக்குற ஒரு பாக்டீரியா பேரச் சொல்லிட்டு அப்படியே தாண்டிட்டேன். கமெண்ட்ல எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டீங்க. சரி, இன்னிக்கு அந்தக் கதைதான், அது புற்றுநோய் சிகிச்சையோட எப்படி மோதுதுங்கறதும் சேத்து.

வயித்து அமிலத்துல எந்தக் கிருமியும் பிழைக்காதுன்னு ரொம்ப காலம் நம்பினாங்க. இது என்ன பண்ணும்னா, யூரியேஸ்னு ஒரு நொதிய வச்சு தன்னைச் சுத்தி இருக்குற அமிலத்த முறிச்சுட்டு, சளிப்படலத்துக்குள்ள போய் குடித்தனம் பண்ணும். ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல்னு ஒரு டாக்டர், அல்சருக்கு இந்தக் கிருமிதான் காரணம்னு சொன்னப்போ பெருசா யாரும் காது குடுக்கல. 1984ல மனுஷன் கிருமியக் கலந்து தானே மடக்குனு குடிச்சுட்டாரு! சில நாள்ல வாந்தி, இரைப்பை அழற்சி. எனக்குக் கேட்டாலே கொமட்டுது. 2005ல அவருக்கும், கூட ஆராய்ச்சி பண்ண ராபின் வாரனுக்கும் நோபல்.

1994ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதப் புற்றுநோய்க் காரணிகள்ல முதல் பிரிவுல சேத்துச்சு. புகையிலை இருக்குற அதே பிரிவு. பயந்துடாதீங்க, இந்தக் கிருமி இருக்குறவங்கள்ல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் இரைப்பைப் புற்றுநோய் வருது. பல வருஷம் ஆறாம இருக்குற அழற்சிதான் வில்லன்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இம்யூனோதெரபின்னு ஒரு புற்றுநோய் சிகிச்சை. அதுல பல வகை உண்டு; நான் இங்க சொல்றது, புற்றுநோய்க் கட்டி நம்ம டி செல்களுக்கு (நோயோட சண்டை போடுற செல்கள்) போட்டு வச்சிருக்குற பிரேக்கை எடுத்து விடுற வகை. ஆனா பிரேக்க எடுத்தா மட்டும் போதுமா? யாரத் தாக்கணும்னு அந்த செல்களுக்கு ஆள் காட்டி விடணும்ல? அந்த வேலைய டென்ட்ரிட்டிக் செல்கள் பாக்குது. 2021ல சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எலிகள்ல பாத்தப்போ, பைலோரி இருந்தா இந்த ஆள்காட்டி வேலையே மந்தமாகுது. கட்டி வயித்துலயே இல்ல, வேற இடத்துல! இம்யூனோதெரபி எடுத்த நுரையீரல் புற்றுநோய் நோயாளிகள்லயும், ரத்தத்துல இந்தக் கிருமிக்கு எதிர்ப்பொருள் (கிருமி உடம்புக்குள்ள வந்ததுக்கான அடையாளம்) இருந்தவங்க குறைவான காலமே உயிரோட இருந்தாங்க. இது தொடர்புதான், இதுதான் காரணம்னு நிரூபணம் இல்ல.

"அப்போ முதல்ல ஆன்டிபயாடிக் போட்டு அதக் கொன்னுடலாமே?" எனக்கும் அதான் தோணுச்சு. ஆனா அதே எலிகள்ல கிருமிய ஒழிச்சும் மருந்தோட வேகம் திரும்பல. அதுபோக, இம்யூனோதெரபி தொடங்குற சமயத்துல ஆன்டிபயாடிக் எடுத்தவங்களுக்குப் பலன் குறைவா இருக்குன்னு பல ஆய்வுகள் காட்டுது. குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவும் சேந்து போயிடும்ல. அதனால தயவுசெஞ்சு நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க, புற்றுநோய் டாக்டர்கிட்ட கேளுங்க.

இந்தக் கிருமி இருக்கான்னு பாக்குற மூச்சுப் பரிசோதனை எடுக்கப் போறவங்க, ஆசிட் குறைக்குற மாத்திரை சாப்பிடுறீங்களான்னு முன்னாடியே சொல்லிடுங்க. அந்த மாத்திரை உள்ள இருந்தா, கிருமி இருந்தும் இல்லன்னு ரிசல்ட் வரலாம்.