தொகுதி வேலையா, தேசியக் கொள்கையா? கொள்கை அணியிலிருந்து ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, பொங்கல் சாப்பாடு முடிந்தும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நியூஜெர்சித் தமிழர்களே, வணக்கம்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்கும் வேட்பாளரை எதை வைத்து எடைபோடுவது? தொகுதிக்கு அவர் செய்யும் வேலையை வைத்தா, தேசியப் பிரச்சினைகளில் அவர் எடுக்கும் நிலைப்பாட்டை வைத்தா? நிலைப்பாட்டை வைத்துத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் பாஸ்போர்ட்டில் ஆரம்பித்தார். ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பாஸ்போர்ட் வராமல் போனால் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்குத்தானே போன் போடுகிறோம் என்றார். உண்மை, நானும் கைதட்டினேன். ஆனால் அந்த போனை எடுப்பது யார்? ஓர் அலுவலக ஊழியர். உறுப்பினர் எந்தக் கட்சியானாலும் அந்த ஊழியர் இதே வேலையைத்தான் செய்வார். மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது அவரைச் சபைக்குள் அனுப்பி ஓட்டுப் போடச் சொல்ல முடியுமா? அதை உறுப்பினர் ஒருவர்தான் செய்ய முடியும். பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறாரே என்பதற்காக ஒருவருக்குப் பெண்ணைக் கொடுப்போமா, ஐயா?

சரி, நம் வீட்டுக் கதைக்கே வருகிறேன். இந்த அரங்கில் பலருக்கு ஓட்டே கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். அதே ஊழியரிடம் போய், "அம்மா, என் கிரீன் கார்டைக் கொஞ்சம் சீக்கிரம் வாங்கித் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரித்துச் சொல்வார். வரிசையின் நீளத்தில் ஓர் அங்குலம்கூட அவரால் குறைக்க முடியாது. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். சட்டத்தை மாற்றக் காங்கிரஸ் வேண்டும். வேலை வழிக் கிரீன் கார்டில் அந்த 7 சதவீத உச்சவரம்பை எடுத்துவிடும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவையான செனட் வேறு வடிவத்தில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்காமலேயே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்துபோனது, நாமும் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். இதில் உங்கள் தொகுதி வேட்பாளர் எந்தப் பக்கம் என்று தெரியாமல், அவர் பாஸ்போர்ட் வாங்கித் தந்தார் என்பதை வைத்து என்ன செய்வது?

அடுத்து வந்த எதிரணி நண்பர், "கொள்கையெல்லாம் வெறும் வலைத்தள அலங்காரம், மக்கள் அதைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை" என்றார். நண்பரே, பதில் சொல்ல நான் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டியதே இல்லை. நம் தெற்கு ஜெர்சிக்கு வாருங்கள். மூன்றாவது தொகுதி. டாம் மக்கார்தர் என்று ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர். இன்சூரன்ஸ் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். தொகுதி வேலையில் குறை சொல்ல முடியாது. மக்குவயர் விமானப்படைத் தளம் அந்தப் பகுதிக்கு உயிர்நாடி, அதற்காக வாஷிங்டனில் விடாமல் குரல் கொடுத்தவர். எதிரணி இன்று தேடிக்கொண்டிருக்கும் வேட்பாளர் அப்படியே அவர்தான்!

2017 மார்ச்சில், ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான ஒபாமாகேரை நீக்கும் மசோதா, ஓட்டுப் போதாமல் வாக்கெடுப்புக்கே வராமல் திரும்பப் பெறப்பட்டது. செத்துப்போன அந்த மசோதாவுக்கு உயிர் கொடுத்தது மக்கார்தர் எழுதிய திருத்தம். மாநிலம் விலக்கு வாங்கிக்கொண்டால், இடையில் இன்சூரன்ஸ் விட்டுப்போன நோயாளியிடம் அவருடைய நோயைக் காரணம் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்கலாம் என்றது அது. மே 4ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று மசோதா நிறைவேறியது. இரண்டே பேர் மாறியிருந்தால் 215-215, சமநிலை என்றால் மசோதா தோல்வி. அடுத்த வாரம் வில்லிங்பரோவில் அவர் கூட்டிய மக்கள் கூட்டம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீண்டது. ஓடி ஒளியாமல் நின்று பதில் சொன்னார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்ட கேள்விகள் என்ன? என் பிள்ளையின் மருந்து என்ன ஆகும், என் மனைவியின் சிகிச்சை என்ன ஆகும் என்பவைதான். விமானத் தளம் அந்த இரவு அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் வரிச் சட்டம். மத்திய வருமான வரிக் கணக்கில், மாநில வரி, சொத்து வரிக்கெல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் கழித்துக்கொள்ள முடியாது என்றது. வீட்டு வரி ரசீதைப் பார்த்துப் பெருமூச்சு விடாத நியூஜெர்சிக்காரர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்! மாநிலத்திலிருந்து சபைக்குப் போயிருந்த குடியரசுக் கட்சியினர் ஐந்து பேர். நான்கு பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். ஆதரித்த ஒரே நியூஜெர்சி உறுப்பினர் மக்கார்தர். 2018 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி கிம் அவரை 4,000க்கும் குறைவான ஓட்டில் தோற்கடித்தார். கிம் பாஸ்போர்ட் வாங்கித் தருவேன் என்று பிரசாரம் செய்யவில்லை, மருத்துவத்தைப் பற்றித்தான் பேசினார். இன்று அவர் செனட்டர்.

வரிச் சட்டத்தை எதிர்த்த அந்த நால்வர் கதையிலேயே இன்னொரு வாதமும் அடிபட்டுப்போகிறது. "எல்லோரும் கட்சி சொன்னபடிதான் கை தூக்குகிறார்கள், தனி மனிதரின் நிலைப்பாட்டைப் படித்து என்ன பயன்" என்று எதிரணியில் கேட்டார்கள். மருத்துவ மசோதாவிலும் 20 குடியரசுக் கட்சியினர் கட்சியை மீறி எதிர்த்தார்கள். அப்புறம் அதே 2017 ஜூலையில், சுருங்கிப்போன வேறு வடிவத்தில் செனட்டுக்கு வந்ததை 49-51 என்று கவிழ்த்த ஓட்டுகளில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மக்கெய்னுடையதும் ஒன்று.

எதிரணித் தங்கை ஒரு மேற்கோளை வீசினார், நல்ல கைதட்டலும் வாங்கினார். "எல்லா அரசியலும் உள்ளூர் அரசியல்தான்" என்பது பிரதிநிதிகள் சபைச் சபாநாயகராக இருந்த டிப் ஓ'நீல் சொன்னது. தங்கச்சி, அவரேதான் 1967இல் வியட்நாம் போர் தவறு என்று தன் சொந்தக் கட்சி ஜனாதிபதி ஜான்சனுக்கு எதிராக நின்றார். அவருடைய மாசசூசெட்ஸ் தொகுதியில் கல்லூரி மாணவர்கள் மட்டுமா இருந்தார்கள்? போரை ஆதரித்த தொழிலாளர் குடும்பங்களும் ஏராளம். உள்ளூர்க் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்.

கடைசியாக ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். ஜெயித்த பிறகு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டால்? மாற்றுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியாவில், பிலடெல்பியா புறநகர்த் தொகுதியில் மார்ஜரி மார்கோலிஸ் உறுப்பினராக இருந்தார், ஜனாதிபதி கிளிண்டனின் கட்சிக்காரர். கிளிண்டனின் 1993 பட்ஜெட்டை எதிர்ப்பேன் என்று சொல்லியிருந்தவர், கடைசி நிமிடத்தில் ஆதரித்தார். 218-216இல் நிறைவேறியது. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து "குட்பை மார்ஜரி" என்று கோஷம் போட்டார்கள். அடுத்த ஆண்டு தோற்றார். என்னைக் கேட்டால் அவர் போட்ட ஓட்டு சரியான ஓட்டு. அந்தப் பத்தாண்டின் முடிவில் நாட்டின் வரவு செலவு உபரிக்கு வந்தது, அதில் இந்த பட்ஜெட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் தொகுதி மக்கள் எதைப் பிடித்து அவரைக் கேள்வி கேட்டார்கள்? அவர் முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்த நிலைப்பாட்டை. நிலைப்பாடே சொல்லாத வேட்பாளரை எதைக் காட்டிக் கேட்பீர்கள்? "எல்லோருக்கும் நியாயமான குடியேற்றம், வலுவான எல்லை, மலிவான மருத்துவம்" என்று எழுதிவைத்திருப்பவரைப் பிடித்து எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. அவர் எல்லா மசோதாவையும் ஆதரிக்கலாம், எல்லாவற்றையும் எதிர்க்கவும் செய்யலாம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். தேர்தல் ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு வேட்பாளர்கள் வருவார்கள். தோளில் பொன்னாடை போர்த்துவோம், "வனக்கம்" என்பார்கள், நாம் விசிலடிப்போம். அப்போது யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்: பெற்றோர் விசாவில் சிறு வயதில் இங்கே வந்து, இங்கேயே படித்து, 21 வயது ஆனதும் அந்தத் தகுதியை இழக்கும் பிள்ளைகள் இங்கேயே நிலைத்திருக்க வழிசெய்யும் மசோதா வந்தால் ஆதரித்து ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா? அவர் பதிலைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட் விஷயத்தை மறுநாள் அவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம், அது ஒன்பது மணிக்குத் திறந்துவிடும். நன்றி, வணக்கம்.