ஒரு பழைய கிராணியின் இலங்கைப் பயணம்

வணக்கம் நேயர்களே. இலங்கைக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொன்ன நிலையத்தார், "கொஞ்சம் கலர்ஃபுல்லா இருக்கட்டும் ஐயா" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நிறத்துக்கு அந்த நாட்டில் பஞ்சமே இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல் ஒன்று நிற்கிறது. 1909இல் கட்டி முடித்தார்களாம். தெருவின் அந்தக் கோடியிலிருந்தே கண்ணை இழுக்கும். வடக்கே போனால் நல்லூர்க் கந்தசாமி கோயில் மதிலிலும் அதே சிவப்பு வெள்ளைப் பட்டைகள். ஆட்டோக்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஓடுகின்றன. மே மாதத்தில் போகிறவர்களுக்கு வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடுகள் வேறு.

சரி, கலர் கேட்டவர்களுக்குக் கலர் சொல்லியாயிற்று. நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஆள். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுத்துக் கணக்கு எழுதிய கிராணி. தராசுக்குப் பக்கத்திலேயே உத்தியோகம் பார்த்தவனுக்குப் போகிற இடத்திலும் கண் அங்கேதான் போகும். அதனால் கண்டி, சீகிரியா என்று வரிசையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து பதுளைக்குப் போகிற மலை ரயிலைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தூரம். கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஓடுகிறது. கதவை யாரும் சாத்துவதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். பார்க்க எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பட்டிப்பொல என்ற நிலையம் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. நம் கேமரன் மலையில் தானா ராத்தாகூட அந்த உயரம் இல்லை. நிலையத்துக்கு நிலையம் கூடையோடு ஏறி வடை விற்கிறார்கள். பருப்பு வடை, இறால் வடை. இறால் வடையில் முழு இறால் தலையோடு மேலே உட்கார்ந்திருக்கும். எனக்குச் சுற்றிக் கொடுத்தது ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளையின் கணக்குத் தாள். பத்துக்கு ஏழு வாங்கியிருந்தது பிள்ளை. தப்பான மூன்றையும் வடை தின்றபடியே மனக்கணக்காய்ப் போட்டுப் பார்த்தேன். பழக்கம் விடுமா?

எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் முடித்தது, கல்லும் செங்கல்லும் சிமெண்டும்தான். நல்ல பாலம். ஆனால் அந்த ஊர் முழுக்க ஓட்டல், காப்பிக் கடை, செல்ஃபி. நம் ஊர் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் இதைவிட மூச்சு விட இடம் இருக்கும்.

நான் ஹட்டனில் இறங்கித் தங்கினேன். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் ஊர். இறங்கிய மறுநாளே ஒரு ஆட்டோத் தம்பியைப் பிடித்து, "தம்பி, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போ" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அருவி இருக்கு ஐயா, ஃபேக்டரி இருக்கு, டீ குடிச்சுப் பார்க்கலாம்" என்றார். "அதெல்லாம் அப்புறம். நிறுக்கிற இடத்தைக் காட்டு" என்றேன்.

போகிற வழியெல்லாம் தேயிலை. இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்திய செடிகள், நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பெண்கள் இடுப்பில் படங்குத் துணி கட்டி, தலையில் கயிறு மாட்டிச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். அந்தப் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புச் சேலை, ஒரு மஞ்சள் துப்பட்டா. வேன்கள் நிற்கின்றன, கேமராக்கள் இறங்குகின்றன, சிலர் நூறு ரூபா நோட்டையும் நீட்டுகிறார்கள். படம் அழகாகத்தான் வரும், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தச் சரிவில் மழையோடு அட்டையும் இருக்கிறது. அது எந்தப் படத்திலும் விழுவதில்லை.

சாயங்காலம் நிறுக்கத் தொடங்கினார்கள். ஒரு கம்பில் தராசைத் தொங்கவிட்டு, சாக்கை மாட்டி, கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்கிறார். சாக்குக்குக் கொஞ்சம் கழிக்கிறார்கள். மழை நாள் என்றால் ஈரத்துக்கும் கழிவு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய ஞாபகமும் வந்தது. நம் பக்கம் பாலை வாளியோடு கொண்டுவருவார்கள். அதில் மெட்ரோலாக் என்ற கருவியை மிதக்கவிட்டு, பாலில் எத்தனை பங்கு உலர்ந்த ரப்பர் என்று பார்ப்போம். பாலில் தண்ணீர் கலந்தாலும் தெரிந்துவிடும், மழைத் தண்ணீர் விழுந்தாலும் தெரிந்துவிடும். வெட்டியவருக்குக் கூலி ரப்பருக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. அங்கே அந்தக் கருவி கிடையாது. ஈரம் எவ்வளவு என்று நிறுக்கிறவர் கண்ணாலேயே முடிவு செய்கிறார். இத்தனை காலம் அந்தப் பக்கம் நின்றவன் சொல்கிறேன், கண்ணால் கழிக்கிற கணக்கு ஒருநாளும் தொழிலாளி பக்கம் சாய்வதில்லை.

வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எவ்வளவு வந்துச்சும்மா?"

"பதினாறுதான் ஐயா. பதினெட்டு வேணும்."

"குறைஞ்சா?"

"அரைப் பேர்தான் போடுவாங்க."

அதாவது பாதி நாள் சம்பளம். நாள் சம்பளம் ஆயிரம் ரூபா என்று சட்டப்படி வந்ததே 2021இல்தான். அதற்கே பல வருஷம் போராடியிருக்கிறார்கள். பிற்பாடு இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் கிலோக் கணக்கு அப்படியே நிற்கிறது. "ஐயா எங்கேருந்து வாறீங்க?" என்றார். மலேசியா என்றேன். "அங்கேயும் தோட்டம் இருக்கா?" தோட்டம் இருக்கும்மா, நாங்கள்தான் அதில் இல்லை என்றேன். அவருக்கு அது புரியவில்லை. தோட்டம் இருந்தால் ஆள் இருக்கத்தானே வேண்டும்?

இந்தக் கதையை நேயர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவர்களும் நம்மைப் போலத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஜனம்தான். நமக்கு முன்பே, 1820களில் கோப்பித் தோட்டத்துக்குப் போனவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 2023இல் இருநூறு வருஷம் நிறைந்தபோது அதே பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டு வருஷத்தில் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது, ஜனம் மட்டும் மாறவில்லை.

1948 என்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஜூன் 16 ஞாபகம் வரும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசர காலம் வந்தது. அதே 1948இல்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழர்கள் ஏறக்குறைய எல்லாரையும் நாடில்லாதவர்கள் ஆக்கியது. அப்புறம் 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஆளைப் பங்கு போட்டார்கள்: ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பாலை லிட்டர் கணக்கில் பிரிக்கிற நாங்கள்கூட அப்படிப் பிரித்ததில்லை. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வர 2003 ஆனது.

நாமும் ஒன்றும் சும்மா தப்பிக்கவில்லை. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கேட்டபோது, குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானோர் தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையோடு கடைசிவரை இருந்த பாட்டிமாரை நேயர்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். துண்டு துண்டாகத் தோட்டங்களை விற்கத் தொடங்கிய காலத்தில்தான் மந்திரியாக இருந்த எங்கள் ஊர் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி பங்குப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில். அது பெரிய காரியம். ஆனால் அதையும் மீறி ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின, லயங்கள் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை இடித்தார்கள். இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர் இந்தோனேசியாக்காரர், பங்களாதேஷ்காரர். நம் பிள்ளைகள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டிலும் ஃபிளாட்டிலும் இருக்கிறார்கள். இலங்கையில் நடந்தது இதற்கு நேர் எதிர். நாட்டைப் பறித்த பிறகும் லயம் விடவில்லை.

அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார், போனேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. வெள்ளைக்காரன் காலத்து லயம். ஒவ்வொரு குடும்பமும் தன் வாசலுக்குத் தன் இஷ்டத்துக்குச் சாயம் அடித்திருந்தது. ஒன்று ரோஸ், ஒன்று மயில் நீலம், அடுத்தது இளம்பச்சை. கூரை தோட்டத்தது, சுவர் தோட்டத்தது, சாயம் மட்டும் சொந்தக் காசு. பாலில்லாத் தேத்தண்ணி கொடுத்தார்கள், சீனி தனியாக. நல்ல தூள் கப்பல் ஏறிவிடுகிறது, பறிக்கிறவர் வீட்டுக்கு வருவது மலிவுத் தூள்தான். ஆனாலும் சூடாக, கடுப்பாக நன்றாகவே இருந்தது.

படம் அனுப்புகிறேன், விலாசம் சொல்லுங்கள் என்றேன். விலாசம் என்று தனியாக ஒன்றும் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குப் போய் அங்கிருந்து வரும், வந்தால். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளையின் நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி முடிந்த பிறகு கையில் கிடைத்ததாம். நான் கிராணியாக இருந்த காலத்தில் தோட்டத்துக் கடிதங்களும் ஆபீஸ் மேசைக்குத்தான் வரும், பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், பெயர் கூப்பிட்டுக் கொடுப்போம். இன்று நினைத்தால் ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாம் எங்கள் இழுப்பறையில் கிடந்திருக்கிறது. சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஏழு பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. கிடைத்தவர்கள் வீட்டைவிட அந்த வீட்டு எண்ணைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

ஊருக்குத் திரும்பும் முன் கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரத் தோட்டத்துக்கும் போனேன். ஓட்டல்காரருக்கே நான் எதற்குப் போகிறேன் என்று விளங்கவில்லை. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 ரப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. அவற்றை நட்ட இடம் அது. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, அதில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் ஹெனரத்கொடவில் ஒரு மணி நேரம் சுற்றினேன், மரத்துக்கு மரம் பட்டையைத் தடவிப் பார்த்தேன். காவலாளி என்னைத் தொடர்ந்தே வந்தார். கத்தி கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

போக நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். மலை ரயிலில் இருக்கை சீக்கிரம் முடிந்துவிடும், ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கம்பளிச் சட்டை கட்டாயம், ஹட்டனில் இரவு குளிரும். அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்ளுங்கள். எல்லவுக்கு ஒரு நாள் போதும், மிச்ச நாளை ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் வையுங்கள். தோட்டத்துக்குள் போவதென்றால் சாயங்காலம் நிறுக்கிற நேரத்தில் போங்கள். கேமராவைப் பையில் வைத்துவிட்டு, எத்தனை கிலோ, எவ்வளவு கழித்தார்கள் என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.