திறக்கும்போதே உறைந்துபோகும் மின்னஞ்சல் மென்பொருள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்ததும் அதன் திரை வெளுத்து, எந்தப் பொத்தானும் இயங்காமல் நின்றுவிடுவது தோட்டக் காரியாலயங்களிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி எழும் முறைப்பாடு. அவ்வேளையில் பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். பழுது பெரும்பாலும் கடிதங்களும் அமைப்புகளும் சேமிக்கப்படும் பயனர் கோப்புறையில் இருப்பதாலும், மீள நிறுவும்போது அக்கோப்புறை அப்படியே எஞ்சிவிடுவதாலும் அதனால் பயன் கிடைப்பது அரிது. சிலர் பொறுமையிழந்து அந்தக் கோப்புறையையே அழித்துவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கடிதங்களை உங்கள் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் அமைந்த பழைய கணக்குகளில், வழங்கியிலிருந்து, அதாவது அஞ்சல் சேவையின் கணினியிலிருந்து, இறக்கப்பட்ட கடிதங்கள் அந்த வழங்கியில் நீக்கப்பட்டிருக்கக்கூடும். அப்போது உங்கள் வன்தட்டில் உள்ளதே ஒரே பிரதி.

ஆகவே, முதலில் விண்டோஸ் கணினியில் கட்டுப்பாடு (Ctrl), ஷிஃப்ட், எஸ்கேப் (Esc) விசைகளை ஒன்றாக அழுத்தி, பணி மேலாளரில் அந்த மென்பொருளை முழுமையாக நிறுத்துங்கள். முன்பு திறந்தது பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதே சில வேளை முழுக்காரணமாக இருக்கும். பின்னர் பயனர் கோப்புறையை வேறொரு தட்டில் பிரதியெடுங்கள்.

அடுத்து, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். மழைக்காலத்தில் இணைப்பு நலிந்துவிடும் நம் மலைப்பகுதிகளில் இந்தச் சோதனை மிகவும் பயனுள்ளது. இணைப்பின்றி ஒழுங்காகத் திறந்தால், கோளாறு இணைப்பிலோ வழங்கியிலோ கணக்கின் அமைப்பிலோ இருக்கிறது. உங்கள் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. அப்போதும் உறைந்தால், தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியும், அவுட்லுக் பயன்படுத்துவோர் கட்டுப்பாட்டு விசையை அழுத்தியபடியும் திறக்க வேண்டும். துணைநிரல்கள், அதாவது மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்த சிறு நிரல்கள், இல்லாமல் திறக்கும் இந்த முறையில் எல்லாம் சீராக இருந்தால், துணைநிரல்களை ஒவ்வொன்றாக முடக்கிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

மின்தடைக்குப் பிறகு தொடங்கும் உறைவுக்கு இன்னொரு காரணம் உண்டு. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒவ்வொரு அஞ்சல் பெட்டியின் கடிதங்களையும் ஒரே நீண்ட கோப்பில் சேர்க்கிறது. அதன் அருகே, எந்தக் கடிதம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எம்எஸ்எஃப் (.msf) என்று பெயர் முடியும் சிறிய சுட்டிக் கோப்பொன்றை வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் இந்தச் சுட்டி சிதையலாம். பேரேட்டின் உள்ளடக்கப் பக்கம் கிழிந்தாலும் பேரேட்டைப் பார்த்து அதை மீண்டும் எழுதிவிடலாம் அல்லவா? அதுபோல, எம்எஸ்எஃப் கோப்பை நீக்கினால் மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பட்டியலின் ஒழுங்கு போன்ற சில அமைப்புகள் மட்டுமே மாறக்கூடும். தேடலுக்கான பொதுத் தரவுத்தளக் கோப்பையும் இவ்வாறே நீக்கலாம். மீளக் கட்டும் வேளையில் கணினி சிறிது நேரம் மந்தமாகும், இடையில் அணைத்துவிடாதீர்கள். ஆனால் பெயரின் முடிவில் எம்எஸ்எஃப் போன்ற பின்னொட்டு இல்லாத பெரிய கோப்பில் கைவைக்கவே கூடாது, ஏனெனில் கடிதங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

அவுட்லுக்கில் கடிதங்களைச் சேமிக்கும் பிஎஸ்டி (.pst) கோப்பு சிதைந்திருந்தால், அக்கோப்பைப் பிரதியெடுத்த பின்னரே, அவுட்லுக்குடன் வரும் ஸ்கேன்பிஎஸ்டி என்னும் திருத்தக் கருவியை இயக்குங்கள். 2010 பதிப்பு முதல் அக்கோப்பின் இயல்பான உச்ச அளவு 50 ஜிகாபைட். அந்த எல்லையை நெருங்கவிடாதீர்கள்.

நச்சுநிரல் தடுப்பானும் கவனிக்கத்தக்கது. கடிதத்தோடு வந்த ஒரே ஒரு கெட்ட இணைப்புக் கோப்புக்காக அது பெரிய அஞ்சல் கோப்பு முழுவதையும் தனிமைப்படுத்திவிட வாய்ப்புண்டு. அஞ்சல் கோப்புறைக்கு அதன் சோதனையிலிருந்து விலக்களித்து, வரும் இணைப்புக் கோப்புகளைத் திறக்குமுன் சோதிப்பதே பாதுகாப்பான ஏற்பாடு.

தண்டர்பேர்டில் அழித்த கடிதங்கள், கோப்புறையைச் சுருக்கும்வரை, அதாவது அழித்தவற்றை உண்மையில் அகற்றும் கட்டளையை இயக்கும்வரை, கோப்பினுள்ளேயே கிடக்கும். கோப்பு பருத்தால் திறப்பதும் தாமதமாகும். எனவே மாதந்தோறும் சுருக்குங்கள். மின்சாரம் நிலையாக இருக்கும் வேளையில், பிரதியெடுத்த பிறகு. வணக்கம்.